ஆடிக் காற்றின் பிறந்த ஊர்

ஆகஸ்ட் 1, 2025, வெள்ளி: ஃபிளிக் அன் ஃபிளாக்

நாகர்கோவில்காரனிடம் காற்றைப் பற்றி யாரும் பாடம் நடத்தக் கூடாது என்று ஒரு திமிர் எனக்கு உண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றில் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கூடம் போனவன். முப்பந்தலில் காற்றாலைகள் முளைப்பதற்கு முன்பே அந்தக் காற்றைத் தின்று வளர்ந்தவன். ஆடியில் அம்மி பறந்து நான் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டுத் தகர ஷீட் எங்கள் மாமரத்தில் வந்து உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆகவே மொரிசியசுக்கு ஆகஸ்டில் போகாதே, காற்று அதிகம் என்று நண்பர்கள் சொன்னபோது சிரித்தேன்.

தங்கியிருப்பது ரோஸ் ஹில்லில், ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவரின் வீட்டு மாடியில். இரண்டு வருடங்களுக்கு முன் குடும்பத்தோடு கன்னியாகுமரி வந்திருந்தார். விவேகானந்தர் பாறைக்குப் படகு பிடிக்கும் வரிசையில் நின்றவர், கேமரா வைத்திருந்த என்னிடம் ஒரு படம் எடுத்துத் தரச் சொன்னார். அந்த ஒரு படத்துக்கு வட்டியும் முதலுமாக இப்போது எனக்குச் சோறு போடுகிறார்.

அவர் பேசும் தமிழ் புத்தகத் தமிழ். "தம்பி, பயணம் இனிதாக அமைந்ததா?" என்று கேட்டால் நானும் நிமிர்ந்து உட்கார்ந்து "அமைந்தது ஐயா" என்கிறேன். வீட்டுக்குள் பேச்சு முழுக்கக் கிரியோல், பிரெஞ்சிலிருந்து பிறந்த இந்தத் தீவின் பேச்சுமொழி. தமிழ் இங்கே பள்ளிக்கூடத்திலும் கோவிலிலும் படித்து எடுக்கிற மொழி. அவர் மனைவிக்கு அதுவும் இல்லை, சமையலறைத் தமிழ் மட்டும்தான். ரசத்தை 'ரசோன்' என்கிறார். அந்த மூன்றெழுத்தை வைத்தே எங்களுக்குள் நல்ல உறவு ஏற்பட்டுவிட்டது.

காலையில் ஐயா ஜன்னலைத் திறந்து பார்த்து, "திவான் பலமாக இருக்கிறார்" என்கிற மாதிரி ஏதோ மனைவியிடம் சொன்னார். நாகர்கோவில்காரனுக்குத் திவான் என்றால் திருவிதாங்கூர் திவான்தான். எந்தத் திவான் என்று கேட்டேன். கிரியோலில் காற்றுக்குப் பெயரே அதுதானாம், பிரெஞ்சிலிருந்து வந்த சொல். மீதி நாட்கள் முழுக்க நான் காற்றைத் திவான் என்றுதான் சொன்னேன். அவர் பேரன் அதைக் கேட்டு ஒவ்வொரு முறையும் சிரித்தான்.

மாலையில் மேற்குக் கரையில் ஃபிளிக் அன் ஃபிளாக். நீளமான வெள்ளை மணல், சவுக்குத் தோப்பு. இவர்கள் 'ஃபிலாவோ' என்கிற அந்த மரத்தடியில் நின்றால் நம் கடற்கரைகள் போலவே இருக்கிறது. காற்றே இல்லை. இதற்கா இவ்வளவு பயமுறுத்தினார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஐயா விளக்கினார்: காற்று தென்கிழக்கிலிருந்து வருகிறது, நடுவில் மேட்டு நிலம் இருக்கிறது, மேற்குக் கரை அதன் முதுகுப் பக்கம்.

நான் கோட்டை விட்டது வேறு விஷயத்தில். கரையோரம் நங்கூரமிட்ட ஒரு மீன்பிடிப் படகு. சூரியன் அதற்கு இடப்பக்கம் கொஞ்சம் உயரத்தில் நின்றது. எங்கள் ஊரில் சூரியன் இறங்கும்போது லேசாக வலப்பக்கம் சாயும். அந்தப் பழக்கத்தில், இறங்கி வந்து படகுக்குப் பின்னால் சரியாக உட்காரும் என்று கணக்குப் போட்டு, கேமரா முக்காலியைப் பதித்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். சூரியன் இடப்பக்கம் நகர்ந்தது. இன்னும் இடப்பக்கம். படகை விட்டு ஓடியே போய்விட்டது. பூமத்திய ரேகைக்குக் கீழே 20 பாகையில் நிற்கிறோம், இங்கே சூரியன் நண்பகலில் வடக்கே நின்று, மேற்கே இறங்கும்போது இடப்பக்கம் சாய்கிறது. பள்ளியில் படித்ததுதான். படித்தது படகுப் பக்கத்தில் நிற்கும்போது நினைவுக்கு வர வேண்டுமே. முக்காலியைத் தூக்கிக்கொண்டு மணலில் ஓடுவதற்குள் 5.50-க்கு எல்லாம் முடிந்தது.

இரவு வெள்ளிக்கிழமை என்பதால் வீட்டில் 'கரேம்'. விரதத்துக்கு இவர்கள் சொல்லும் சொல், கிறிஸ்தவர்களின் தவக்காலப் பெயரை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். முருங்கைக்கீரைக் குழம்பு, பூசணிக்காய்ப் பொரியல், ரசோன், அப்பளம். விரதம் என்ற பெயரில் இவ்வளவு சாப்பிட்டது இதுதான் முதல் தடவை.

ஆகஸ்ட் 2, சனி: லெ மோர்ன்

ஐயாவின் பேரன் ரெதுயியில் பல்கலைக்கழகம் படிக்கிறான். அவனும் கேமரா வைத்திருக்கும் நண்பர்கள் நான்கு பேரும் சனிக்கிழமை மாலைகளில் ஏதாவது ஒரு கரையில் நடப்பார்களாம். என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். பையன் என்னைத் 'தோந்தோன்' என்று கூப்பிட்டான். என் தொந்தியைச் சொல்கிறானோ என்று வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டேன். மாமா என்று அர்த்தமாம்.

வழியில் தமரேனில் வண்டியை நிறுத்தித் தெருவோர வண்டியில் தால் பூரி. பருப்பைப் பொடித்து உள்ளே வைத்துத் தேய்த்த மெல்லிய பூரி, எண்ணெயில் பொரிப்பதில்லை, கல்லில் சுடுவது. வெல்லம் போட மறந்த போளி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் பெரிய பீன்ஸ் குழம்பு, தக்காளித் தொக்கு, காரச் சட்னி, சுருட்டித் தாளில் வைத்து நீட்டுகிறார்கள். ஜோடி 25 ரூபாய். நம் காசுக்கு ஏறக்குறைய இரண்டால் பெருக்க வேண்டும். மிளகாய் வேண்டுமா என்று கடைக்காரர் கேட்டார், நிறைய வேண்டும் என்றேன். என்னை ஒரு முறை பார்த்துவிட்டுக் கொஞ்சமாகத்தான் வைத்தார். நல்ல மனிதர். அந்தக் கொஞ்சமே போதுமானதாக இருந்தது.

லெ மோர்ன் தீவின் தென்மேற்கு மூலை. 556 மீட்டர் உயரக் கரும்பாறை, கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது. தப்பியோடிய அடிமைகள் இதன் உச்சியிலும் குகைகளிலும் ஒளிந்து வாழ்ந்தார்கள். 1835-இல் அடிமை முறை ஒழிந்தது என்று சொல்ல வந்த போலீஸ்காரர்களைப் பார்த்து, பிடிக்க வருகிறார்கள் என்று எண்ணிப் பாறையிலிருந்து குதித்துவிட்டார்கள் என்று ஒரு கதை வழிவழியாகச் சொல்லப்படுகிறது. 2008-இல் யுனெஸ்கோ பாரம்பரியக் களமாக அறிவித்தது. பையன் இதையெல்லாம் சொல்லிக்கொண்டே வண்டியை நிறுத்தினான். நான் கதவைத் திறந்தேன்.

கதவு என் கையில் இல்லை. திவான் பிடுங்கிக்கொண்டார். 'டக்' என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு அந்தக் கதவு ஒழுங்காக மூடவே இல்லை. வாடகை வண்டி. கீல் வளைந்ததற்கு 3,500 ரூபாய் என்று பின்னால் கணக்குக் காட்டினார்கள், முன்பணத்தில் கழித்துக்கொண்டார்கள். "காற்று வீசும் திசைக்கு மூக்கைக் காட்டி வண்டியை நிறுத்த வேண்டும் தோந்தோன்" என்று பையன் சொன்னது கதவு போன பிறகு.

மேட்டு நிலத்தின் முதுகுப் பக்கம்தானே, இங்கே எப்படி இவ்வளவு காற்று? மலை மூலையில் இருப்பதுதான் காரணம். தெற்குக் கரையை ஒட்டி ஓடிவரும் காற்று இந்த மூலையைச் சுற்றித் திரும்பும்போது நெருக்கப்பட்டு வேகமெடுக்கிறது. கணவாயில் நடப்பது போலத்தான். இதற்காகவே உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்து, பெரிய பட்டத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு பலகையில் நின்று கடலில் பறக்கிறார்கள். சிவப்பும் மஞ்சளுமாக நாற்பது ஐம்பது பட்டங்கள் வானத்தில். ஒருவர் என் தலைக்கு மேலேயே தாவிப் போனார் என்று வீட்டில் சொல்லப்போகிறேன். உண்மையில் பத்தடி தள்ளித்தான்.

முக்காலியை விரித்தேன். விழுந்தது. பையைக் கொக்கியில் மாட்டினால் கனத்துக்கு நிற்கும் என்று படித்திருக்கிறேன். மாட்டினேன். பை ஊஞ்சலாடி முக்காலியையும் சேர்த்து ஆட்டியது. கடைசியில் கால்களைப் பரப்பி, முழங்கால் உயரத்துக்கு இறக்கி, நானே மணலில் சம்மணமிட்டு அதற்குக் காவல் உட்கார்ந்தேன். அரை விநாடித் திறப்பு வைத்து அலையைப் பாலாக்கும் ஆசையெல்லாம் போயிற்று. கையில் பிடித்து ஐநூறில் ஒரு பங்கு விநாடி, ஒளியுணர்வு (ஐஎஸ்ஓ) 800. மணல் கணுக்காலில் ஊசி போல் குத்துகிறது. இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை லென்சில் உப்புப் படலம். துணியால் துடைத்தால் இன்னும் மோசம், எண்ணெய் தடவினது போல் ஆகிவிடும். அந்தக் குழுவில் வந்த ஒரு பெண் முன்யோசனைக்காரி. சின்னக் குப்பியில் நல்ல தண்ணீரும் இரண்டு துணிகளும் வைத்திருந்தாள். முதலில் நனைத்து உப்பைக் கரைத்து ஒற்றியெடுக்க வேண்டும், அப்புறம்தான் காய்ந்த துணி. கேட்காமலே என் லென்சையும் வாங்கிச் செய்து கொடுத்தாள். தொப்பி? அது பக்கத்துத் தீவான ரீயூனியனுக்குப் போயிருக்கும்.

சூரியன் மேகத்துக்குள் நுழைந்து நுழைந்து வெளியே வந்தது. நான் கடலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பையன் தோளைத் தட்டி, "பின்னால் பாருங்கள்" என்றான். மலையின் மேற்கு முகம் முழுவதும் வெந்த செங்கல் நிறத்தில் எரிந்துகொண்டிருந்தது. இரண்டு நிமிடம்கூட இருக்காது. மற்ற ஐந்து பேரும் அதற்குத்தான் காத்திருந்திருக்கிறார்கள். சூரியனைப் படமெடுத்துக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு: க்ரி க்ரி, மக்கோந்தே, லா பிரேரி

ஆடிப் பதினெட்டு. ஊரில் இருந்திருந்தால் சித்திரான்னம் கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போயிருப்போம் என்று ஐயாவிடம் சொன்னேன். அவர் மனைவி எதுவும் சொல்லாமல் எலுமிச்சைச் சாதம் கிளறிவிட்டார். கூடவே கத்தோ பிமா, அதாவது நம் பருப்பு வடை, நெல்லிக்காயைவிடக் கொஞ்சம் பெரிய உருண்டையாக. அதை வெண்ணெய் தடவிய ரொட்டிக்குள் வைத்து அமுக்கிச் சாப்பிடுகிறார்கள். முதலில் முகம் சுளித்தேன். நான்காவது ரொட்டியில் நிறுத்திக்கொண்டேன்.

தெற்கே போகும் வழியில் கியூர்பிப் மேட்டில் குளிரும் தூறலும். ஸ்வெட்டர் கொண்டு வராத ஒரே ஆள் நான். கடல் காற்று மேட்டில் ஏறும்போது ஈரத்தை இங்கேயே கொட்டிவிடுகிறது. முப்பது நிமிடம் கீழே இறங்கினால் வெயில். நம் செங்கோட்டை, குற்றாலம் கதைதான்.

சூயாக் பக்கத்தில் க்ரி க்ரி. இந்தத் தீவைச் சுற்றிக் கிட்டத்தட்ட முழுவதும் பவளப்பாறை வேலி போட்டிருக்கிறது, அதனால்தான் மற்ற கடற்கரைகள் குளம் போல் கிடக்கின்றன. இங்கே வேலியில் இடைவெளி. தெற்குக் கடல் நேராக வந்து கரும்பாறையில் மோதுகிறது. குளிக்கத் தடை. அங்கே நின்று வாயைத் திறந்தால் பேச்சு வாய்க்குள்ளேயே திரும்பி வருகிறது. கொஞ்சம் தள்ளி 'அழும் பாறை' என்று ஒன்று, அலை ஏறி வழியும்போது கண்ணீர் விடுகிற முகம் தெரியும் என்கிறார்கள். எனக்கு முகம் தெரியவில்லை. கண்ணாடியில் உப்பு.

அங்கே பாறை மறைவில் உட்கார்ந்திருந்தபோதுதான் ஐயா அந்த விஷயத்தைச் சொன்னார். நான் என் ஆரல்வாய்மொழிப் பெருமையை மூன்றாவது நாளாக அளந்துகொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, உங்கள் ஆடிக் காற்று எங்கிருந்து புறப்படுகிறது என்று நினைக்கிறீர்கள்?" என்றார்.

அரபிக் கடலிலிருந்து என்றேன்.

தலையை ஆட்டினார். இந்தத் தீவுகளுக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலில், காற்றழுத்தம் மிகுந்த ஒரு பரப்பு இருக்கிறது. மஸ்கரீன் உயர் அழுத்தம் என்று இந்தத் தீவுக்கூட்டத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஜூன், ஜூலை, ஆகஸ்டில், இங்கே குளிர்காலத்தில், அது வலுக்கிறது. அதிலிருந்து புறப்படும் காற்று தென்கிழக்குக் காற்றாக மொரிசியசைக் கடந்து, பூமத்திய ரேகையைத் தாண்டும்போது பூமியின் சுழற்சியால் வளைந்து, சோமாலியாக் கரையை ஒட்டி வேகம் பிடித்து, தென்மேற்குப் பருவக்காற்றாக மேற்குத் தொடர்ச்சி மலையில் போய் மோதுகிறது. மழையை மலையாளக் கரையில் இறக்கிவிட்டு, காலிக் கையோடு கணவாய் வழியாக நாகர்கோவில்காரன் வீட்டுத் தகர ஷீட்டைப் பிடுங்குகிறது.

"எங்களிடமிருந்து தொடங்குவதுதான் உங்களை வந்து அடைகிறது" என்றார். தமிழாசிரியர்களுக்கே உரிய அந்த நிறுத்தத்தோடு.

நான் ஒன்றும் பேசவில்லை. என் வீட்டுச் சொத்துக்கு வேறொருவர் பத்திரம் காட்டியது போல் இருந்தது.

மேற்கே கரையோரச் சாலையில் பெல் ஓம்ப்ர். சாலையோரம் ஒரு நினைவுச் சின்னம். 1923 ஜூன் 4 அன்று ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ட்ரெவெசா என்ற சரக்குக் கப்பல் நடுக்கடலில் மூழ்கியது. இரண்டு படகுகளில் ஏறியவர்கள் பாயை விரித்து இந்தத் தென்கிழக்குக் காற்றை நம்பி மேற்கே வந்தார்கள். ஒரு படகு ரோட்ரிகஸ் தீவை அடைந்தது. மற்றது 25 நாட்களுக்குப் பின் ஜூன் 29 அன்று இங்கே கரை சேர்ந்தது. பாதி வழியில் சிலர் இறந்துபோனார்கள். பிஸ்கட்டும் டின் பாலும்தான் சாப்பாடு. வழக்கமாக இம்மாதிரிச் சின்னங்களில் நான் நிற்பதில்லை. இன்று காலையிலிருந்து காற்றைத் திட்டிக்கொண்டிருந்ததால் கொஞ்சம் நின்றேன்.

மக்கோந்தே கடலுக்குள் துருத்திய ஒரு பாறை, சாலை அதைச் சுற்றி வளைகிறது, மேலே போகப் படிகள். நான்காவது படியில் திவான் என்னைத் திருப்பி அனுப்பினார். கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு கைபேசியில் இருபது விநாடி சத்தத்தை மட்டும் பதிவு செய்தேன். படம் வேண்டாம் என்று தோன்றியது.

சூரியன் மறையும் நேரத்துக்கு லா பிரேரி கடற்கரை. எதிரே வலப்பக்கம் லெ மோர்ன் மலை. இந்த முறை ஏமாறவில்லை. மூன்றரைக்கு மலையை நெருங்கி நின்ற சூரியன் இறங்க இறங்க இடப்பக்கம் விலகிக் கடலுக்கு மேலே போகும் என்று மணலில் குச்சியால் ஒரு கோடு இழுத்தேன். குழந்தைகள் இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். ஐயா அவர்களுக்குக் கிரியோலில் ஏதோ சொன்னார், இரண்டும் என்னை மந்திரவாதி போல் பார்த்தன. கோடு சொன்ன இடத்தில் சூரியன் இறங்கியது. மலை ஒரு பக்கம், சூரியன் ஒரு பக்கம், நடுவே ஒரு மனிதர் தூண்டிலோடு இடுப்பளவு தண்ணீரில். பயணத்திலேயே உருப்படியான படம் அது ஒன்றுதான். தலைக்கு மேல் அரையைத் தாண்டிய நிலா. ஐயாவும் நானும் மீதி எலுமிச்சைச் சாதத்தை வண்டிக்குள் உட்கார்ந்து தின்றோம், மூடாத கதவைக் கயிற்றால் கட்டிக்கொண்டு.

ஆகஸ்ட் 4, திங்கள்: போர்ட் லூயி

கேமராவின் ஜூம் வளையம் திருகும்போது நறநறவென்கிறது. மணல். போர்ட் லூயியில் ஒரு கடையில் சுத்தம் செய்ய 800 ரூபாய், மூன்று மணி நேரம்.

அந்த நேரத்தில் மத்திய சந்தை. காய்கறிக்காரர் ஒவ்வொன்றாகக் கூவுகிறார்: கோத்தோமிலி, காரிபுலே, பிபங்காய். கொத்தமல்லி, கறிவேப்பிலை, பீர்க்கங்காய்! நான் கறிவேப்பிலைக் கட்டைக் காட்டித் தமிழில் பெயர் சொன்னேன். அவர் தலையாட்டி, நான் தப்பாகச் சொல்வதாக நினைத்துத் திருத்தினார்: "காரிபுலே." சரி, காரிபுலே என்றேன். 25 ரூபாய்த் தாளை நீட்டும்போது அதில் தமிழ் எழுத்து கண்ணில் பட்டது. இந்தத் தமிழுக்கு ஒரு சண்டை நடந்திருக்கிறது என்று ஐயா சொல்லியிருந்தார். 1998-இல் புதிய தாள்களில் தமிழின் வரிசையைக் கீழே தள்ளியதும் தமிழர்கள் எதிர்த்து நிற்க, அரசு அந்தத் தாள்களைத் திரும்பப் பெற்றது.

சந்தையில் அலூடா. பால், சப்ஜா விதை, கடற்பாசி. ஜிகர்தண்டாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. இரண்டு டம்ளர்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்: அல்பியோன்

கடைசி மாலை. 1910-இல் கட்டிய கலங்கரை விளக்கம், வெள்ளையும் சிவப்புமாகப் பட்டை. கீழே கரும்பாறைச் செங்குத்து, அடியில் குகைகளுக்குள் அலை புகுந்து பீரங்கி போல் வெடிக்கிறது. மேற்கு அடிவானம் முழுக்கச் சாம்பல் மேகம். சூரியன் வரவே இல்லை. பையனின் நண்பர்கள் முக்காலியை விரிக்காமலே உட்கார்ந்து அன்னாசி தின்றார்கள். தோல் சீவி உப்பும் மிளகாயும் புளியும் தடவியது, சிறிய வகை, நடுத்தண்டையும் மென்று தின்னலாம்.

செய்ய ஒன்றும் இல்லாததால், மக்கோந்தேயில் பதிவு செய்த அந்த இருபது விநாடிச் சத்தத்தை அம்மாவுக்கு அனுப்பினேன். எழுத்து ஒன்றும் இல்லாமல், சத்தம் மட்டும். ஊரில் அப்போது மணி ஏழரை இருக்கும்.

கொஞ்ச நேரத்தில் அம்மாவின் குரல் வந்தது:

"மக்களே, எப்பம் ஊருக்கு வந்தே? ஆரல்வாய்மொழியிலயா நிக்கே? அங்கன நிக்காம நேரா வீட்டுக்கு வா. சோறு வடிச்சு வச்சிருக்கேன்."